அம்பலவாணன் சாரோட போர்டு

காலைக் கொஞ்சம் இப்படி நகத்திக்குங்க தம்பி, இடிச்சிடப் போகுது. கண்ணாடி இல்ல, தகரந்தான். ஆனா ஓரம் கூரா இருக்கும். பேப்பர் சுத்தித்தான் எடுத்தாந்தேன், மன்னார்குடி ஸ்டாண்டுல முண்டியடிச்சி ஏறினதுல ஒரு பக்கம் கிழிஞ்சிபோச்சு. கண்டக்டர் மேல வைக்கச் சொல்றாரு. மேல வைக்கிற சாமான் இல்ல இது. மடியில வச்சிக்கிற சாமான்.

நீங்க எங்க இறங்கணும்? வடுவூரா? நானும் அங்கதான். ஏரியில பறவை பாக்கவா? அதான் கழுத்துல கேமரா தொங்குது. இந்த வருஷம் தண்ணி நல்லா கிடக்கு, நாரை நிறைய வந்திருக்குன்னு பேசிக்கிட்டாங்க. நான் பாத்தது இல்ல. அந்த ஊருக்கு நான் போனதெல்லாம் சார் வீட்டுக்குத்தான்.

போர்டுல என்ன எழுதியிருக்குன்னு பாக்கறீங்க. பாருங்க, பாருங்க, கிழிஞ்ச வழியா தெரியுதுல்ல? 'டாக்டர் ச. அம்பலவாணன் நுண்ணுயிர் ஆய்வகம்.' எங்க ஆராய்ச்சி நிலையத்துல லேப் வாசல்ல இருந்தது. நெல்லு ஆராய்ச்சி. நாலு ஸ்க்ரூ. மாட்டினவனும் நான்தான், கழட்டினவனும் நான்தான். நேத்து ஆபீசர் கூப்பிட்டாரு. 'பக்கிரிசாமி, அதைக் கழட்டி அவங்க வீட்டுல ஒப்படைச்சிடு'ன்னாரு. ஒரு ஸ்க்ரூ துருவேறி வரவே மாட்டேன்னுச்சு. தேங்கெண்ணெய் விட்டு அரை மணி நேரம் நின்னேன். அந்த வழியாப் போன ஒருத்தரும் என்னன்னு கேக்கல.

சார் செத்து நாலு வருஷத்துக்கு மேல ஆகுது. செத்தவரைப் பொய்யர்னு சொல்லிட்டாங்க தம்பி. அதுக்குத்தான் இந்த போர்டு இறங்குது.

சொல்றேன், கேளுங்க. வடுவூர் வர்ற வரைக்கும் நேரம் இருக்கு.

எனக்கு லேப் உதவியாளர்னு பேரு. செய்யறது என்னன்னா கிருமி வளக்கிறது. சிரிக்காதீங்க. கெட்ட கிருமி இல்ல, நல்ல கிருமி. நெல்லு வேருல ஒட்டிக்கிட்டு, காத்துல இருக்கற தழைச்சத்தைப் பிடிச்சிப் பயிருக்குக் கொடுக்கும். உரக்கடையில பாக்கெட்டு விக்கிறாங்களே, அசோஸ்பைரில்லம்னு, அதேதான். எங்க நிலையத்துலயும் பாக்கெட்டு போட்டு விவசாயிங்களுக்குக் கொடுக்கறோம். அதைக் கண்ணாடி டியூபுல ஜெல்லி மாதிரி ஒண்ணுமேல வளத்து, பஞ்சு அடைச்சி, ஃப்ரிட்ஜில வைக்கணும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை பழைய டியூபுல இருந்து கம்பியால துளி எடுத்துப் புது டியூபுக்கு மாத்தி விடணும். விடலைன்னா செத்துடும். இருபத்தாறு வருஷம் மாத்தி விட்டிருக்கேன் தம்பி. பக்கிரிசாமி கையில ஒரு டியூப் செத்ததுன்னு ஒருத்தன் சொல்ல முடியாது. வெளியூர்ல இருந்து வர்ற பெரிய பெரிய டாக்டருங்ககிட்ட சார் என் கையைப் பிடிச்சிக் காட்டுவாரு. 'இந்தக் கைதான் என் லேப்'பும்பாரு.

அந்த மனுஷன் கண்டுபிடிச்சதுதான் பதினேழாம் நம்பர் கிருமி.

சுனாமி வந்துச்சுல்ல, வேதாரண்யம் பக்கம் கடல் தண்ணி வயலுக்குள்ள பூந்து மண்ணெல்லாம் உப்பாப்போச்சு. அடுத்த சம்பாவுக்கு நட்டவன் நட்டதெல்லாம் கருகிடுச்சு. சாரும் நானும் வயல் வயலாப் போயிக்கிட்டிருக்கோம். ஒரு வயலு, மொத்தமும் வைக்கோல் கலர்ல கிடக்கு, வாய்க்கா ஓரமா ஒரு பத்துக் குத்து மட்டும் பச்சையா நிக்கிது. சார் செருப்பைக் கழட்டிட்டு இறங்கினாரு. ஒரு குத்தை வேரோட பிடுங்கி, என் டிபன் பாக்ஸைக் காலி பண்ணச் சொல்லி, வேரை ஈரத்துணியில சுத்தி உள்ள வச்சாரு. என் மத்தியான சோறு வரப்புல காக்காய்க்குப் போச்சு. அந்த வேருல இருந்து பிரிச்சி எடுத்ததுதான் பதினேழு. தொட்டியில நெல்லு நட்டு உப்புத் தண்ணி ஊத்தினா, பதினேழு போட்ட நாத்து நிக்கும், போடாதது படுத்துடும். நான் கண்ணால பாத்தேன் தம்பி. எத்தனை தடவை.

வேற எங்கயாவது பெரிய இடத்துல ரெண்டு டியூப் கொடுத்து வைக்கலாம்ல? வைக்கல. ஏன்னா அதுக்கு முன்னாடி ஒண்ணு கண்டுபிடிச்சி அனுப்பி, அங்க ஒருத்தன் தன் பேரைப் போட்டுக்கிட்டான். அதுல சாருக்கு மனசு விட்டுப்போச்சு. 'முழுசா வேலை முடியட்டும், அப்புறம் கொடுப்போம். அதுவரைக்கும் பக்கிரி கையில இருக்கட்டும்'னாரு. ரிட்டயர்டு ஆகிப் போகும்போதும் என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. 'அதைச் சாகவிட்டுடாதே.' மூணு டியூப். மூணே மூணு. எல்லாம் என் கையெழுத்து ஒட்டினது.

அப்புறம் கஜா புயல்.

உங்க ஊர்ல டிவியில பாத்திருப்பீங்க. எங்க ஊர்ல வீட்டுக்குள்ள வந்துச்சு. எனக்குக் கொல்லையில தென்னை எட்டும் போச்சு, கூரை போச்சு. விடிஞ்சதும் பொண்டாட்டி அழுதுக்கிட்டு இருக்கா, நான் சைக்கிளைத் தூக்கித் தூக்கி மரத்தைத் தாண்டி லேப்புக்குப் போறேன். அங்க ஓடு பறந்து, ஃப்ரிட்ஜ் குப்புறக் கிடக்கு, முழங்கால் அளவு தண்ணி. ஒரு டியூப் உடைஞ்சிபோச்சு. ரெண்டு இருந்துச்சு, ஆனா பஞ்செல்லாம் நனைஞ்சிடுச்சு. கரண்டு பதினேழு நாள் வரல. பதினேழாம் நம்பருக்குப் பதினேழு நாள். ரெண்டு டியூபுலயும் கறுப்பாப் பூஞ்சை ஏறி மூடிடுச்சு.

மாத்தி விட்டுப் பாத்தேன் தம்பி. விடாமலா இருப்பேன்? அதுக்குன்னு ஒரு சத்துக் கரைசல் இருக்கு, பச்சை நிறமா இருக்கும். அதுல இந்தக் கிருமி விட்டா மூணு நாள்ல நீலமா மாறும். மாறினா உசுரோட இருக்குன்னு அர்த்தம். மாறல. அஞ்சு நாள் பாத்தேன், பச்சை பச்சையாவே நிக்கிது. அஞ்சாம் நாள் அந்தத் தரையிலயே உக்காந்துட்டேன்.

அப்பதான் போன் வருது. டவர் வந்ததும் முதல் போன் சாரோடது. தஞ்சாவூர்ல ஆஸ்பத்திரியில படுத்திருக்காரு, வயித்துல கட்டி, டாக்டருங்க கையை விரிச்சிட்டாங்க. என் கூரையைக் கேக்கல, தென்னையைக் கேக்கல. 'பக்கிரி, பதினேழு எப்படி இருக்கு?' குரலே காத்தாட்டம் வருது.

நீங்களா இருந்தா என்ன சொல்லுவீங்க? சொல்லுங்க. சாகக் கிடக்கற மனுஷன்கிட்ட என்ன சொல்லுவீங்க?

'நல்லா இருக்கு சார்'னேன்.

'நீலம் வருதா?'

'வருது சார்.'

சொல்லிட்டேன்ல? சொன்னதுக்கப்புறம் நீலம் வரணும்ல? பாக்கெட்டு போடற பக்கம் ஒரு டிரம்முல தாய்க் கிருமி தப்பிச்சிருந்துச்சு. அதுவும் அசோஸ்பைரில்லந்தான். அதே சாதி, அதே வேலை, கண்ணால பாத்தா ரெண்டுக்கும் ஒரு வித்தியாசம் சொல்ல முடியாது. அதுல இருந்து ஒரு துளி எடுத்துப் புது டியூபுல விட்டேன். மூணாம் நாள் நீலம் வந்துச்சு தம்பி. அருமையான நீலம். போட்டோ எடுத்து சாருக்கு அனுப்பினேன். அம்மா, அவரு சம்சாரம், சொன்னாங்க, அந்தப் போட்டோவை அன்னிக்குப் பூரா பாத்துக்கிட்டே இருந்தாராம். ரெண்டு வாய் கஞ்சி கூடக் குடிச்சாராம். நாப்பது நாள் கழிச்சிப் போனாரு. நிம்மதியாப் போனாரு. அந்த நிம்மதியைக் கொடுத்தது யாரு? நான். இதுல என் மேல என்ன தப்பு?

இன்னொண்ணும் சொல்லிடறேன். பூஞ்சை பிடிச்ச அந்த ரெண்டு டியூபை எல்லாத்தையும் போல வேகவச்சிக் கழுவிடணும். அதான் முறை. எனக்கு மனசு வரல. பொணத்தைக் குப்பையிலயா போடுவாங்க? துணியில சுத்தி வீட்டுல வச்சிருந்தேன். சாருக்கு அஸ்தி கரைக்கக் கோடியக்கரைக்குப் போனோம். அவரு பையன் வெளிநாட்டுல இருந்து வந்திருந்தாரு, பானையைக் கொஞ்ச நேரம் என்கிட்ட பிடிக்கக் கொடுத்துட்டு வேட்டி மாத்தப் போனாரு. யாரும் பாக்கல. ரெண்டு டியூபையும் சாம்பலுக்குள்ள வச்சிட்டேன். அந்தக் கடல் தண்ணியில பொறந்தது, சாரோட அந்தக் கடலுக்கே போகட்டும்னு. எனக்கு அன்னிக்குத்தான் அழுகை வந்துச்சு. ரெண்டு பேரையும் சேத்து அனுப்பி வச்ச மாதிரி இருந்துச்சு.

அத்தோட முடிஞ்சிதுன்னு இருந்தேன். வருஷ திதிக்கு இந்த போர்டை வச்சாங்க. அம்மா வந்து பாத்து, ஸ்டூல்ல நின்னு மாட்டின என்னைக் கும்பிட்டாங்க.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பொண்ணு வந்துச்சு, ஆராய்ச்சிப் பட்டத்துக்கு. நஸ்ரின்னு பேரு, முத்துப்பேட்டைப் பக்கம். அதுங்க குடும்பத்து வயலும் சுனாமியில போனதுதான். சார் எழுதினதைப் படிச்சிட்டு, 'அண்ணே, பதினேழுலதான் நான் வேலை செய்யப்போறேன்'னு நின்னுச்சு. நல்ல பொண்ணு. கெட்ட பொண்ணுன்னு சொல்லமாட்டேன். ஆனா ஒரே நச்சரிப்பு. தொட்டியில நாத்து நட்டு உப்புத் தண்ணி ஊத்துது, நாத்து படுத்துக்குது. 'ஏண்ணே, சாருக்கு நின்னுச்சே?' 'மண்ணு மாறியிருக்கும்மா'ன்னேன். மண்ணை மாத்துச்சு. 'உப்பு மாறியிருக்கும்.' உப்பை மாத்துச்சு. பாக்கப் பாவமா இருந்துச்சு. அதனால ஒரு தடவை, அது ஊருக்குப் போன வாரம், பதினேழு போட்ட தொட்டிக்கு மட்டும் உப்பில்லாத நல்ல தண்ணி ஊத்தினேன். நாத்து ஜம்முனு நின்னுச்சு. அது வந்து பாத்துட்டுக் குதிக்கிது, எனக்கு வட்டலாப்பம்னு அவங்க வீட்டு இனிப்பு கொண்டாந்து கொடுத்துச்சு. அப்புறம் அதே மாதிரி திருப்பித் திருப்பிச் செய்யுது, வரல. அதுல ஒரு வருஷம் போச்சு அதுக்கு. நான் என்ன கெட்டதா நினைச்சா செஞ்சேன்?

கடைசியில ஒரு நாள் சொல்லுது, 'அண்ணே, இதோட ஜீனோமை மொத்தமாப் படிச்சிடப்போறேன். இதுக்குள்ள உப்பைத் தாங்கற சங்கதி எங்க இருக்குன்னு பாத்துட்டா சாரு பேரு உலகம் பூரா தெரியும்.' எனக்குப் புரியல. புரியற மாதிரி சொல்லுச்சு. ஒவ்வொரு உசுருக்குள்ளயும் நாலே நாலு எழுத்து திருப்பித் திருப்பி எழுதியிருக்குமாம். இந்தத் துக்கடா கிருமிக்குள்ளயே எழுபது லட்சம் எழுத்தாம். அதை மெஷின் ஒண்ணு விடாமப் படிக்குமாம். பெங்களூருக்கு அனுப்புச்சு. நெல்லோட ஜீனோமும் பக்கத்துல வச்சி, எது எதோட பேசுதுன்னு பாக்கப்போறேன்னுச்சு. நான் கேட்டேன், 'ஏம்மா, நீலம் வருதே, அது போதாதா?' 'நீலம் எல்லா அசோஸ்பைரில்லத்துக்கும் வரும்ணே'ன்னுச்சு.

ஒரு மாசம் கழிச்சிப் பதில் வந்துச்சு. லேப்டாப்பைத் திறந்து வச்சிக்கிட்டு அந்தப் பொண்ணு அப்படியே உக்காந்திருக்கு. சாப்பிடல. 'அண்ணே, இது நம்ம பாக்கெட்டுல இருக்கறதேதான். எழுத்துக்கு எழுத்து ஒண்ணு.'

எழுபது லட்சம் எழுத்துல ரெண்டு மூணு எழுத்துதான் வித்தியாசமாம். மெஷின் தப்புன்னேன். ரெண்டாந்தரம் அனுப்புச்சு. அதேதான்.

மேலிடத்துல இருந்து மூணு பேர் வந்தாங்க விசாரிக்க. அதுல ஒருத்தருக்கு சாரை எப்பவுமே பிடிக்காது. 'வேற எங்கயும் டியூப் கொடுக்காம ஒளிச்சி வச்சப்பவே எனக்குச் சந்தேகம், கடைப் பாக்கெட்டை எடுத்துக் கதை கட்டியிருக்காரு'ன்னாரு. நஸ்ரின் எழுந்து, 'சார் அப்படிச் செய்யறவர் இல்ல, புயல்ல எங்கயோ மாறியிருக்கும்'னு சொல்லுது. உடனே எல்லாரும் என்னைப் பாக்கறாங்க. 'பக்கிரிசாமி, இத்தனை வருஷமா நீங்கதான் மாத்தி விடறீங்க. கை மாறிப்போக வாய்ப்பு இருக்கா?'

கை மாறிப்போகவா? என் கையிலயா? இருபத்தாறு வருஷம். சுருக்குன்னு கோவம் வந்துச்சு தம்பி. 'என் கையில தப்பு நடக்காதுங்க'ன்னேன். எழுதிக்கிட்டாங்க. கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேன். தப்பா ஒண்ணும் சொல்லலையே. தவறிப்போய் மாறல, அது உண்மைதான?

அப்புறம் அந்தப் பொண்ணு வராந்தாவுல வந்து என் கையைப் பிடிச்சிக்குச்சு. 'அண்ணே, உங்களை யாரும் தூக்குல போடப் போறதில்ல. நீங்க ஒரு வார்த்தை சொன்னா சார் பேரு தப்பிச்சிடும். புயலுக்கு முந்தின டியூப் ஒண்ணு, செத்ததா இருந்தாக்கூடப் போதும். பூஞ்சை மூடியிருந்தாலும் பரவால்ல. செத்ததோட எழுத்தையும் படிக்கலாம்ணே. அதுல சாரோட பதினேழு இருக்கும். எங்கயாவது மூலை முடுக்குல இருக்கான்னு பாருங்க.'

செத்ததையும் படிக்கலாமாம்.

எனக்கு இது முன்னாடி யாரு சொன்னா? சொன்னாதான தெரியும்? நான் படிச்சது எட்டாவது. செத்தா முடிஞ்சிதுன்னுதான நினைப்போம். அந்த வயலுக்குப் போய் இன்னொரு வேர் எடுக்கலாம்னா, இப்ப அங்க இறால் குட்டை வெட்டியிருக்கான். நானும் போய்ப் பாத்துட்டு வந்தேன். கோடியக்கரைக்கும் போனேன், வெக்கத்தை விட்டுச் சொல்றேன். அந்த இடத்துல இடுப்பளவு தண்ணியில நின்னு காலால துழாவினேன். அலைதான் அடிக்கிது. வலை இழுக்கறவன் ஒருத்தன், 'என்னய்யா தொலைச்சே?'ன்னான். மோதிரம்னு சொல்லிட்டேன்.

'அப்படி டியூப் எதுவும் இல்லம்மா'ன்னு அது கிட்ட சொல்லிட்டேன். அது பொய்யா? இல்லையே. இல்லாததை இல்லைன்னேன். இப்பப் போய் நான்தான் மாத்தினேன்னு சொன்னா மட்டும் நம்பிடுவாங்களா? சாட்சி எங்கம்பாங்க. சாரைக் காப்பாத்தக் கிழவன் கதை விடறான்பாங்க. இன்னும் நாலு மாசத்துல நானும் ரிட்டயர்டு. என் கையில எதுவும் சாகலைங்கற பேரோட போயிடறேனே. அந்தப் பேரு ஒண்ணுதான் என்கிட்ட இருக்கு.

நஸ்ரின் வேற தலைப்பு எடுத்துக்கிட்டு கோயம்புத்தூர் போயிடுச்சு. போகும்போது என்கிட்ட சொல்லிக்கல.

அம்மாதான் தம்பி கஷ்டம். போன வாரம் போன் பண்ணினாங்க. 'பக்கிரி, நீ அவரோட கூடவே இருந்தவன். நீ சொல்லு, அவர் அப்படிச் செய்வாரா?' 'சாரு தங்கம்மா, சொக்கத் தங்கம்'னேன். 'அது போதும்ப்பா. ஊரே சொல்லட்டும், நீ ஒருத்தன் போதும் அவருக்கு'ன்னாங்க. அழுதாங்க. நானும் அழுதேன். அதான் இந்த போர்டோட இன்னிக்கு நேர்ல போய் எல்லாத்தையும் சொல்லிடலாம்னு ஏறினேன். அம்மாகிட்ட மட்டுமாவது. காலையில குளிச்சி, வெள்ளை வேட்டி கட்டி, மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டு வந்தேன். உங்ககிட்ட நல்லாத்தான வருது? ஒரு இடத்துல கூடத் திக்கலையே?

விசில் கொடுக்கறாங்களா? வடுவூரா? அதுக்குள்ளயா?

தம்பி, ஒரு உதவி. நீங்க இறங்கறீங்கதான. கோயிலுக்கு மேலண்டைத் தெரு, பச்சைக் கேட்டு, யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. இதைக் கொண்டுபோய் அம்மாகிட்ட கொடுத்துடுங்க. பக்கிரிசாமிக்கு உடம்புக்கு முடியல, அதான் வரலைன்னு சொல்லுங்க. நான் இப்படியே தஞ்சாவூர் போயிட்டு வந்துடறேன். இல்ல தம்பி, இன்னொரு நாள் போறேன், கட்டாயம் போவேன். ரெண்டு கையாலயும் பிடிங்க. காபி கொடுப்பாங்க, குடிக்காமப் போயிடாதீங்க, மனசு கஷ்டப்படுவாங்க. சாரைப் பத்தி என்ன சொன்னான்னு கேட்டா, நல்லவர்னு சொன்னான்னு சொல்லுங்க. அது மட்டும் போதும்.

இருங்க, இருங்க. ஸ்க்ரூ நாலையும் கவர்ல போட்டு போர்டுக்குப் பின்னாடி ஒட்டியிருக்கேன், விழுந்துடாமப் பாத்துக்குங்க. துருவைத் தேய்ச்சி எண்ணெய் போட்டுத்தான் வச்சிருக்கேன். நாளைக்குத் திரும்ப மாட்டணும்னா வேணும்ல.